முதல் பியூஸ் போனபோதே வந்திருக்கலாம்

“ஒண்ணுமே பண்ணலை சார், பாடிக்கிட்டே இருந்துச்சு, டக்குனு நின்னுடுச்சு.” கார் ரேடியோவைக் கையில் தூக்கிக்கொண்டு கடைப்படி ஏறுகிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள். செட் தானாகவும் நிற்கும், இல்லையென்று சொல்லவில்லை. கேசட் காலத்தில் பெல்ட் தளரும், சிடி காலத்தில் லென்ஸ் மங்கும். அதெல்லாம் மெல்ல மெல்ல வரும் சீக்கு. நேற்றுவரை நன்றாகப் பாடிய செட்டில் இன்று விளக்குகூட எரியவில்லை என்றால் நடுவில் யாரோ கை வைத்திருக்கிறார்கள். பேட்டரி மாற்றியிருப்பார்கள். ஸ்பீக்கர் மாட்டியிருப்பார்கள். லாரியிலிருந்து கரண்ட் கொடுத்து வண்டியைக் கிளப்பியிருப்பார்கள். டிங்கர் பட்டறையில் வெல்டிங் வைத்திருப்பார்கள். துருவிக் கேட்டால் வந்தவருக்குக் கோபம்தான் வரும். அதனால் ஆளை விட்டுவிட்டு பியூஸை விசாரிப்பது என் வழக்கம்.

பழைய கண்ணாடி பியூஸை வெளிச்சத்தில் பிடித்தால் நடந்தது தெரிந்துவிடும். கம்பி நடுவில் மட்டும் அறுந்து கண்ணாடி சுத்தமாக இருந்தால், லோடு கொஞ்சமாகக் கூடி அறுந்தது. கண்ணாடியின் உள்பக்கம் முழுவதும் கருத்து, வெள்ளி படிந்திருந்தால் அது நேரடி ஷார்ட். கம்பி ஆவியாகவே போயிருக்கிறது. இப்போதைய பிளேடு பியூஸில் நிறம் வேறு இருக்கிறது. 10 ஆம்பியர் சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை. செட்டின் முதுகில் சிவப்பு இருக்க வேண்டிய இடத்தில் பச்சையைப் பார்த்தால், சொன்ன கதையில் பாதி விட்டுப்போயிருக்கிறது என்று புரிந்துகொள்வேன்.

நாற்பது வருஷத்துக்கு மேல் இந்தத் தொழிலில் இருந்து நான் கண்டது இதுதான். முதல் தப்பில் செட் அடியோடு போவது அபூர்வம். அந்தத் தப்பை வாங்கிக்கொள்வதற்கென்றே உள்ளே ஒரு சின்னப் பொருளை வைத்துத்தான் செய்கிறார்கள். அது போன பிறகு, எப்படியாவது பாட்டு வந்தாக வேண்டும் என்ற அவசரத்தில் செய்கிற இரண்டாவது காரியம்தான் செட்டைக் குப்பைக்கு அனுப்புகிறது.

நான் வேலைக்குச் சேர்ந்தது 1979இல், சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில். இன்று அந்த ரோட்டில் சீட் கவர், சன் ஃபிலிம், ஆண்ட்ராய்டு செட் என்று கடைகடையாகத் தொங்குகிறது. அன்றைக்கும் கார் சாமான் கடைகள்தான், ஆனால் ரேடியோவைத் திறந்து வேலை பார்க்கிறவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். எங்கள் வாத்தியார் வால்வு ரேடியோவில் கை பழகியவர். பழைய கார் ரேடியோவில் வைப்ரேட்டர் என்று ஒரு தகர டப்பா இருக்கும். பேட்டரி கரண்டைத் துடிக்கவைத்து வால்வுக்குத் தேவையான உயர் வோல்டேஜுக்கு ஏற்றித் தருவது அதன் வேலை. சுவிட்சைப் போட்டதும் அது ‘ஙீ’ என்று இரையும். அந்தச் சத்தத்தைக் கேட்டே செட்டின் உடம்பு எப்படி இருக்கிறது என்று சொல்லிவிடுவார்.

அவர் முதலில் கற்றுக்கொடுத்தது சால்டரிங் அல்ல, வண்டியின் எர்த் எது என்று பார்ப்பது. இங்கிலாந்திலிருந்து வந்த பழைய மாரிஸ், ஆஸ்டின் வண்டிகளில் பேட்டரியின் பாசிட்டிவைத்தான் பாடியில் கொடுத்திருப்பார்கள். ஃபியட்டில் நெகட்டிவ். இரண்டும் ஒரே தெருவில் வந்து நிற்கும். ஒன்றிலிருந்து கழற்றிய ரேடியோவை மற்றதில் மாட்டச் சொல்வார்கள். செட்டின் தகரப் பெட்டியே எர்த் என்பதால், தப்பான வண்டியில் டேஷ்போர்டோடு சேர்த்து ஸ்குரூவை முறுக்கும்போதே வினை ஆரம்பமாகிவிடும். சிலர் புத்திசாலித்தனமாக ரப்பர் ஷீட் வைத்து பெட்டியைத் தனியாக்குவார்கள். ஆனால் ஏரியல் ஒயரின் மேல்பின்னலும் பாடியில்தான் சேருகிறது. ஏரியலைச் செருகிய நொடியில் பியூஸ் போகும். அந்தக் காலத்து நல்ல செட்களில் பெட்டியின் பக்கவாட்டில் பாசிட்டிவ் எர்த், நெகட்டிவ் எர்த் என்று மாற்றிக்கொள்ள ஒரு சின்ன பிளக் இருக்கும். பெயின்ட்டும் தூசியும் மூடிக் கிடக்கும் அதைத் தேடிக் கண்டுபிடிப்பதிலேயே வேலை முடிந்துவிடும்.

டாக்ஸி ஸ்டாண்டு எங்களுக்கு நிரந்தர வாடிக்கை. ராத்திரி பேட்டரியைக் கழற்றி சார்ஜுக்குப் போட்டுவிட்டு, விடியற்காலை இருட்டில் திரும்ப மாட்டும்போது டெர்மினல் மாறிவிடும். விசேஷம் என்னவென்றால் டைனமோ வண்டியில் இது உடனே தெரியாது. பல்பு எந்தப் பக்கம் கரண்ட் வந்தாலும் எரியும். ஹாரன் அடிக்கும். செல்ஃப் மோட்டார்கூட வழக்கமான திசையிலேதான் சுற்றும், அதன் அமைப்பு அப்படி. வண்டி கிளம்பிவிடும். அம்மீட்டர் முள் தலைகீழாகச் சாய்வதை எந்த டிரைவர் பார்த்தார்? டைனமோ சார்ஜ் ஏறும் வேகம் வந்ததும், அதைப் பேட்டரியோடு சேர்க்கும் கட்-அவுட் பாயின்ட் தீய்ந்து நாறும்போதுதான் ஏதோ கோளாறு என்று புரியும். அதற்கு முன்பே ரேடியோ போயிருக்கும். ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் போட்ட செட்டில் பாதுகாப்பு இல்லையென்றால் ஏடி 161, ஏடி 162 என்ற ஜோடி சேர்ந்தே சாகும். ரிச்சி தெருவில் ஜோடியாகத் தேடி வாங்க வேண்டும். ஒன்று நல்லதாகவும் ஒன்று சொத்தையாகவும் தலையில் கட்டிவிடுவார்கள். பிறகு ஆல்டர்னேட்டர் வந்தது. அதில் பேட்டரியை மாற்றிப் போட்டால் உள்ளிருக்கும் டயோடுகள் நேராக ஷார்ட் ஆகி அந்த இடத்திலேயே புகை வந்துவிடும். டிரைவர்களுக்கு நினைவில் நிற்கும் பாடம் அதுதான்.

பாதுகாப்பு என்று சொன்னேனே, அது என்னவென்று சொல்லிவிடுகிறேன். பியூஸைத் தாண்டியதும் பாசிட்டிவுக்கும் எர்த்துக்கும் குறுக்கே ஒரு டயோடைத் தலைகீழாக வைத்திருப்பார்கள். கரண்ட் சரியாக வரும்வரை அது அங்கே இருப்பதே தெரியாது. பேட்டரி மாறினால் அத்தனை கரண்டையும் தன் வழியாக விட்டு பியூஸை அறுக்கும். செட்டின் மற்ற பாகங்களுக்கு ஒரு வோல்ட் அளவுக்குத்தான் தலைகீழ் கரண்ட் போகும், சேதமில்லை. ஆனால் பெரும்பாலும் இந்த முயற்சியில் டயோடே ஷார்ட் ஆகி நின்றுவிடும். இப்போது பேட்டரியைச் சரியாகத் திருப்பி மாட்டிப் புது பியூஸ் போட்டாலும் அது உடனே போகும். இன்னொன்று போட்டாலும் போகும். இந்த இடத்தில் செட்டைக் கழற்றி எடுத்து வந்தால் ஒரு டயோடோடு வேலை முடிந்தது. விலை அந்தக் காலத்தில் ஒரு ரூபாய்கூட இல்லை.

எடுத்து வரமாட்டார்கள். சிகரெட் பெட்டியின் ஈயத்தாளைக் கிழித்து பியூஸ் மேல் சுற்றிச் செருகுவார்கள். பியூஸ் இனிமேல் போகாது. அதற்குப் பதிலாக செட்டுக்குள் எது மெல்லியதோ அது போகும். முதலில், டைனமோ இரைச்சலை வடிகட்ட வைத்திருக்கும் காயில் எரியும். அதன் எனாமல் கருகும் வாசனையை ஒருமுறை முகர்ந்தவனுக்கு மறக்காது. அப்புறம் போர்டிலுள்ள செம்புத் தடம் அப்பளமாகப் பொரிந்து எழும்பும். அதற்கும் தாங்கினால் டேஷ்போர்டுக்குப் பின்னாலுள்ள ஒயர் உருகிப் பக்கத்து ஒயரையும் சேர்த்துக்கொள்ளும். ஒருநாள் எழும்பூர் ஸ்டேஷன் ஸ்டாண்டிலிருந்து வந்த அம்பாசடரில் ரேடியோவுக்கு வந்த தப்பு வைப்பர், ஹாரன், டிப்பர்வரை போய்விட்டிருந்தது. வாத்தியார் ஈயத்தாள் சுற்றிய அந்த பியூஸைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே டிரைவரிடம், “இன்னா பிராண்டு பிடிக்கிறே?” என்று மட்டும் கேட்டார்.

வேறு சில மெக்கானிக்குகள் செய்வது எனக்கு இன்றுவரை பிடிப்பதில்லை. ஷார்ட் ஆன டயோடை வெட்டி எறிந்துவிட்டு, செட் பாடுகிறது என்று அப்படியே கொடுத்துவிடுவார்கள். டயோடு இல்லாமலும் பாடத்தான் செய்யும். அடுத்த தடவை பேட்டரி மாறும்போது தடுக்க ஆள் இருக்காது. வந்தவருக்கு இதெல்லாம் தெரியாது, பில் தொகை மட்டும்தான் தெரியும். சொல்லப்போனால் பில் விஷயத்தில் எங்கள் பக்கமும் ஒரு சின்ன நாடகம் உண்டு. பத்து நிமிஷத்தில் முடிகிற வேலையை எதிரில் முடித்துக் கொடுத்தால் “இதுக்கு இவ்ளோவா?” என்பார்கள். அதனால் “சாயங்காலம் வாங்க” என்று அனுப்பிவிடுவோம். சாயங்காலம் வந்து அதே தொகையைச் சிரித்த முகத்தோடு கொடுத்துவிட்டுப் போவார்கள்.

இறந்த செட்டுக்கு மேசையில் முதல்முதலாகக் கரண்ட் கொடுக்கும்போது நேராகக் கொடுக்கக் கூடாது. இதை நான் கடைக்கு வந்த ஒவ்வொரு பையனுக்கும் சொல்லியிருக்கிறேன். காரின் இன்டிகேட்டரில் போடும் 12 வோல்ட், 21 வாட் பல்பு ஒன்றை பாசிட்டிவ் ஒயரில் தொடராகச் சேர்க்க வேண்டும். சீரிஸ் பல்பு என்போம். செட்டுக்குள் ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும். அவ்வளவுதான், வேறெதுவும் கருகாது, ஏனென்றால் பல்பைத் தாண்டி இரண்டு ஆம்பியருக்கு மேல் போக வழியில்லை. ஷார்ட் இல்லையென்றால் கண்டன்சர் நிரம்பும்வரை ஒரு மினுக்கு மினுக்கி அணையும். பிறகு வால்யூமைக் கூட்டினால் பாட்டின் தாளத்துக்குப் பல்பும் லேசாக மினுங்கும். பையன்களுக்கு அந்தக் கட்டம் ரொம்பப் பிடிக்கும். மீட்டர் பக்கத்திலேயே இருந்தாலும் நான் முதலில் நம்புவது இந்தப் பல்பைத்தான்.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. அதற்குப் பின் வந்த சில வருஷங்களில் எங்கள் தொழில் தலைகீழானது. அதுவரை ரேடியோ என்பது வசதியானவர்களின் வண்டியில் ஓர் அலங்காரம். இப்போது புது வண்டி எடுத்தவர் நேராக பர்மா பஜாருக்குப் போய் ஜப்பான் கேசட் செட் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்துவிடுவார். பில் இல்லை, கேரண்டி இல்லை, பெட்டிக்குள் இருக்கும் காகிதத்தைப் படிக்க ஆள் இல்லை. மாட்டித் தருகிறவர் பழைய பழக்கத்தில் மாட்டுவார். அந்தப் பழைய பழக்கம்தான் அந்தச் செட்களுக்கு எமன்.

எங்கள் பழைய செட்களில் டிபிஏ 810, பிறகு டிடிஏ 2003 என்ற ஐசிகள் இருக்கும். ஸ்பீக்கரின் ஒரு முனை செட்டிலிருந்து கண்டன்சர் வழியாக வரும், மறுமுனை பாடி. அதனால் அம்பாசடரில் ஸ்பீக்கருக்கு ஒற்றை ஒயர்தான் இழுப்பார்கள். இன்னொரு கால் பக்கத்திலுள்ள ஏதாவது ஸ்குரூவில். வாட் அதிகமான புது செட்கள் பிரிட்ஜ் முறையில் வந்தன. இரண்டு பேர் இரண்டு பக்கமும் நின்று மாறி மாறி இழுக்கும் ரம்பத்தைப்போல, ஸ்பீக்கரின் இரண்டு முனையையும் இரண்டு ஆம்ப்ளிஃபயர்கள் எதிரெதிராக இழுக்கும். அதனால்தான் அதே 12 வோல்ட்டில் ஏறக்குறைய நான்கு மடங்கு வாட் கிடைக்கிறது. இதில் எந்த முனையும் எர்த் கிடையாது. இரண்டிலுமே எப்போதும் பேட்டரியில் பாதி, ஆறு வோல்ட்டை ஒட்டி நின்றுகொண்டிருக்கும். இதன் ஒரு காலைக் கொண்டுபோய் பாடியில் முறுக்கினால் என்ன ஆகும்? கொஞ்ச நேரம் கரகரவென்று பாடும், ஐசி கைவைக்க முடியாமல் கொதிக்கும், பிறகு மௌனம்.

புரசைவாக்கத்திலிருந்து ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் இப்படி ஒரு செட்டோடு வந்தார். பஜாரில் ஏமாற்றிவிட்டார்கள் என்று சண்டைக்குப் போகிற கோபத்தில் இருந்தார். நான் வண்டியில் பின் சீட்டைத் தூக்கி, ஸ்பீக்கரின் கறுப்பு ஒயர் சீட் பெல்ட் போல்ட்டில் கட்டியிருப்பதைக் காட்டினேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. நல்ல நிலையிலிருந்த இன்னொரு செட்டை எடுத்து, ஸ்பீக்கர் முனைக்கும் எர்த்துக்கும் நடுவில் மீட்டர் வைத்து முள் ஆறில் நிற்பதைக் காட்டிய பிறகுதான் அடங்கினார். புதுச் செட் எதுவாக இருந்தாலும் இந்தச் சோதனையைச் செய்துவிட்டு ஸ்பீக்கர் ஒயரைத் தொடுவது அன்று முதல் எங்கள் கடையில் சட்டம். பிற்பாடு வந்த ஐசிகளில், டிடிஏ 7388 போன்றவற்றில், ஷார்ட் ஆனால் தானே வாயை மூடிக்கொள்ளும் ஏற்பாடு வந்துவிட்டது. இப்போது அதே தப்பைச் செய்தால் செட் சாகாமல் ஊமையாகிறது. அதையும் செத்துவிட்டது என்றுதான் எடுத்து வருகிறார்கள்.

வாட் கதை ஒன்றையும் இங்கேயே சொல்லிவிடலாம். பெட்டி மேல் 50 வாட், நான்கு ஸ்பீக்கர் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். கூட்டினால் 200. செட்டின் பின்னால் 10 ஆம்பியர் பியூஸ். வண்டி ஓடும்போது 14 வோல்ட் என்று வைத்தாலும் உள்ளே போவதே 140 வாட், அதிலும் கணிசமான பங்கு சூடாகப் போய்விடும். உள்ளே போகாதது வெளியே எப்படி வரும்? நொடிநேரம் தொடக்கூடிய உச்சத்தை அச்சடிக்கிறார்கள். ஆனால் இதை நம்பி ‘200 வாட்டுக்கு 10 பத்தாதே’ என்று 30 பியூஸ் போட்ட படித்த மனிதர்கள் உண்டு.

லாரி விவகாரம் வேறு வகை. நெடுஞ்சாலையில் கார் பேட்டரி இறங்கிவிடும், நல்ல மனசுள்ள லாரி டிரைவர் நிறுத்திக் கேபிள் கொடுப்பார். லாரியில் இரண்டு 12 வோல்ட் பேட்டரியைத் தொடராகச் சேர்த்து 24 வோல்ட். ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் எடுத்திருந்தால் ஒரு பாதகமும் இல்லை. இரண்டு கடைசி முனையிலிருந்தும் எடுத்துவிடுவார்கள். திண்டிவனம் பக்கம் இப்படி உதவி பெற்று வந்த ஒருவர், “ரேடியோவை ஆஃப் பண்ணித்தான் சார் வெச்சிருந்தேன்” என்றார். உண்மைதான். ஆனால் ஸ்டேஷன் நினைவுக்காக மஞ்சள் ஒயர் சாவி இல்லாமலே எப்போதும் பேட்டரியோடு இருக்கிறது. திறந்து பார்த்தால் 16 வோல்ட் கண்டன்சர் தலை வீங்கி வெடித்து, பஞ்சு வெளியே வந்து கிடந்தது. ஐந்து வோல்ட் தரும் குட்டி ரெகுலேட்டர் போயிருந்தது. எல்லோரும் முதலில் மாற்றச் சொல்லும் பெரிய ஆம்ப்ளிஃபயர் ஐசிக்கு ஒன்றும் ஆகவில்லை. வோல்டேஜ் ஏறினால் வேலையை நிறுத்திக்கொள்ளும் அறிவு அதற்கு உண்டு. சில்லறைச் சாமான்களை மாற்றியதும் செட் எழுந்துவிட்டது. பெரிய செலவு என்று பயந்து வந்தவர், நான் குறைவாகச் சொன்னதால் சந்தேகப்பட்டு இன்னொரு கடையில் விசாரித்துவிட்டு வந்தார்!

வண்டி ஓடும்போதே பேட்டரி டெர்மினலைக் கழற்றி சார்ஜ் ஏறுகிறதா என்று பார்க்கும் வித்தையும் லாரிக்குச் சளைத்ததில்லை. டைனமோ காலத்து மெக்கானிக்குகள் கண்டுபிடித்த குறுக்குவழி அது. ஆல்டர்னேட்டர் வண்டியில் பேட்டரி என்ற பிடிமானம் போன நொடியில் வோல்டேஜ் எகிறும், வண்டியில் விழித்திருக்கும் எல்லா எலக்ட்ரானிக்ஸும் அதை வாங்கிக்கொள்ளும். டிங்கர் வெல்டிங்கும் அப்படித்தான். இரண்டு டெர்மினலையும் கழற்றிவிட்டு வெல்டிங் வையுங்கள் என்று நான் போர்டே எழுதிக் கொடுத்திருக்கிறேன். பட்டறையில் அது காலண்டருக்குப் பின்னால் தொங்குகிறது.

2000க்குப் பிறகு கப்ளர் காலம், அதாவது எல்லா ஒயரையும் ஒரே கொத்தாகச் செருகும் பிளக். வண்டியின் கப்ளர் ஒன்று, செட்டின் கப்ளர் வேறு; நடுவில் போட வேண்டிய மாற்று ஒயர் நூறு இருநூறுக்குக் கிடைக்கும். அதை வாங்காமல் கம்பெனி கப்ளரையே வெட்டிவிட்டு ஒயர்களை முறுக்கி டேப் சுற்றுவது எங்கள் ஊர் வழக்கமாகிவிட்டது. செட் பக்கம் நிறம் பழகிவிடும்: மஞ்சள் நிரந்தர கரண்ட், சிவப்பு சாவி கரண்ட், கறுப்பு எர்த். வண்டிப் பக்க ஒயரில் அந்த நிறங்கள் செல்லாது, அங்கே கம்பெனிக்குக் கம்பெனி வேறு. மஞ்சளும் சிவப்பும் இடம் மாறினால் செட் சாகாது. வண்டியை அணைக்கும்போதெல்லாம் ஸ்டேஷனை மறந்துவிடும். ஐரோப்பிய வண்டிகள் சிலவற்றில் கப்ளரிலேயே இவை இடம் மாறித்தான் வரும். ஆரஞ்சு ஒயரை எர்த்தோடு சேர்த்தால் பகலெல்லாம் ஒழுங்காகப் பாடும், ராத்திரி பார்க் லைட் போட்டதும் லைட் பியூஸ் போகும். நீல ஒயர், ஆம்ப்ளிஃபயரை எழுப்ப ஒரு சமிக்ஞை மட்டும் தருவது. அதிலிருந்து எல்இடி ஸ்டிரிப், ஃபேன் என்று இழுப்பவர்களால்தான் என் டப்பாவில் அந்தச் சின்ன டிரான்சிஸ்டர் எப்போதும் இருப்பு வைக்க வேண்டியிருக்கிறது.

இந்தக் காலத்துச் சீக்குகளில் என்னை நீண்ட நாள் சுற்றவிட்டது ஒன்று. செட் நன்றாகப் பாடும், ஆனால் ஆக்ஸிலேட்டரை மிதித்தால் ஸ்பீக்கரில் ‘ஊய்ங்’ என்று சத்தம் ஏறும், விட்டால் இறங்கும். ஆல்டர்னேட்டர் சத்தம் என்று ஃபில்டர் போடுவார்கள், எர்த்தை மாற்றுவார்கள், ஆம்ப்ளிஃபயரையே மாற்றுவார்கள். கோளாறு செட்டுக்குள் இருக்கும். சில ஜப்பான் செட்களில் பின்னால் ஆம்ப்ளிஃபயருக்குப் பாட்டை அனுப்பும் ஆர்சிஏ சாக்கெட்டின் வெளிவளையத்துக்கும் எர்த்துக்கும் நடுவில் அரிசிமணி அளவில் ஒரு பியூஸ் வைத்திருப்பார்கள். டிக்கியிலுள்ள ஆம்ப்ளிஃபயரின் எர்த் ஒயர் கழன்றால் அதன் கரண்ட் முழுவதும் ஆர்சிஏ ஒயரின் பின்னல் வழியாகத் திரும்பப் பார்க்கும். அப்போது இந்த மணி அறுந்து செட்டைக் காப்பாற்றும். பிறகு யாரோ ஆம்ப்ளிஃபயர் எர்த்தைச் சரிசெய்துவிடுவார்கள், மணி அறுந்தது அறுந்ததுதான். ஆர்சிஏ வளையத்தையும் செட்டின் பெட்டியையும் ஒரு துண்டு ஒயரால் தொட்டுப் பார்த்தால் சத்தம் சட்டென்று நிற்கும். அதைப் பிடித்துக்கொண்ட பிறகு இந்தச் சீக்குக்கென்றே வெளியூரிலிருந்தும் வண்டிகள் வந்தன.

பூட்டு எண் கேட்கும் செட்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. திருட்டுக்குப் பயந்து, பேட்டரியைக் கழற்றினாலே பூட்டிக்கொண்டு எண் கேட்கும் செட்கள் வந்தன. ரகசியம் பெரும்பாலும் எட்டுக்கால் மெமரி ஐசி ஒன்றில் இருக்கும், படித்துவிடலாம். ஆனால் முகப்பில் ஸ்குரூ டிரைவர் நெம்பிய காயத்தோடு செட் மட்டும் தனியாக வந்தால் ஆர்சி புக்கைக் கேட்போம். கேட்டதும் டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று போகிறவர்கள் வருவதில்லை.

இன்றைய வண்டியில் ரேடியோ என்று தனியாக ஒன்று இல்லை. ரிவர்ஸ் கேமரா, ஸ்டீயரிங் பட்டன், ஏசி விவரம் எல்லாம் அந்தத் திரையில்தான், எல்லாம் கேன் பஸ் என்ற இரண்டு ஒயரில் பேசிக்கொள்கின்றன. ஷோரூமில் போர்டைத் திறப்பதில்லை. முழு யூனிட்டையும் மாற்றச் சொல்கிறார்கள். சொல்லும் விலையைக் கேட்டு ஓடி வருகிறவர்கள்தான் இப்போது என் வாடிக்கை. பவர் பகுதி மட்டும் போயிருந்தால் இன்றைக்கும் நூறுகளில் முடித்துக் கொடுக்கிறேன். பிராசஸர் வரை தீ போயிருந்தால் கை வைக்காமல் புதுசு வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடுகிறேன். நாள்கணக்கில் வைத்து இழுத்தடித்து, கடைசியில் கையை விரித்து வாடிக்கையாளரிடம் கெட்ட பேர் வாங்குவதைவிட அது மேல். புதுப்பேட்டையில் உடைத்த வண்டியிலிருந்து அதே யூனிட் கிடைத்தாலும் அவசரப்பட வேண்டாம், சிலவகை யூனிட் தன் பழைய வண்டியைத் தவிர வேறெதிலும் பேச மறுக்கும். இதற்கு நடுவே பழைய ஃபியட், அம்பாசடரைப் பளபளப்பாக்கி வைத்திருப்பவர்கள் அந்தக் கால ரேடியோவின் முகம் அப்படியே இருக்க, உள்ளே மட்டும் புளூடூத் வேண்டும் என்று வருகிறார்கள். பொறுமையான வேலை, பேரமும் பேசுவதில்லை.

செட்டை மாற்றுவது என்று முடிவானாலும், பழைய செட் ஏன் போனது என்று தெரியாமல் புதிய செட்டை மாட்டுவதை நான் ஒப்புக்கொள்வதில்லை. அண்மையில் ஓஎம்ஆர் பக்கம் ஐடி கம்பெனியில் இருக்கும் ஒரு தம்பி பிரிக்காத பெட்டியோடு வந்தார். ஆன்லைனில் வாங்கிய ஆண்ட்ராய்டு செட் மாட்டிய கொஞ்ச நாளில் போயிருக்கிறது, கம்பெனி மாற்றிக் கொடுத்ததும் போயிருக்கிறது. இது காசு கொடுத்து வாங்கிய மூன்றாவது. இரண்டிலும் பியூஸ் அறுபடவே இல்லை என்பதுதான் எனக்கு உறுத்தியது. கப்ளரின் கறுப்பு ஒயருக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் மீட்டர் வைத்தேன், கனெக்ஷன் பளிச்சென்று இருந்தது. அதே ஒயரில் 21 வாட் பல்பைக் கொடுத்தேன். அழுதுகொண்டு எரிந்தது.

டேப்பைப் பிரித்தால் கறுப்பு ஒயரில் ஒரே ஒரு நரம்பு ஒட்டிக்கொண்டிருந்தது, மற்றதெல்லாம் கப்ளரை வெட்டியவர் கத்தியோடு போய்விட்டது. மீட்டருக்குத் தேவையான துளி கரண்டுக்கு அந்த ஒரு நரம்பு போதும், செட்டுக்குப் போதாது. எர்த் கிடைக்காத கரண்ட், பின்னால் பாடியில் எர்த் எடுத்திருந்த ரிவர்ஸ் கேமராவின் மெல்லிய ஒயர் வழியாகத் திரும்பிக்கொண்டிருந்திருக்கிறது. டேஷ்போர்டுக்கு அடியில் ஒரு போல்ட்டின் பெயின்ட்டைச் சுரண்டி, வளையம் போட்டுத் தனி எர்த் இழுத்தேன்.

“மீட்டர்ல சரியாத்தானே சார் காட்டுச்சு?” என்று தம்பி விடவில்லை. பல்பை இன்னொரு முறை கொடுத்துக் காட்டினேன். பிறகு அவர் பையிலிருந்த இரண்டாவது செட்டைத் திறந்தோம். கேமரா சாக்கெட்டுக்கு அருகில் எர்த் தடம் ஒரு நகக்கண் நீளத்துக்குக் கருகியிருந்தது, வேறெதுவும் தொடப்படவில்லை. ஒரு துண்டு ஒயரை வைத்துப் பற்றவைத்து, சீரிஸ் பல்பில் போட்டதும் திரை எழுந்தது. மூன்றாவது பெட்டியைப் பிரிக்காமல் திருப்பி அனுப்பிவிடுங்கள் என்றேன். “ரிட்டர்ன் டைம் இன்னைக்கு நைட்டோட முடியுது சார்” என்று போனை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினார்.